ஏப்ரல் 3 ஒரு செவ்வாய்க்கிழமை: ஜப்பானிய முதலிட ஆல்பங்கள் பட்டியலின் சக மதிப்பாய்வு

தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் நடந்த மதிப்பாய்வு இது. 2001ஆம் ஆண்டு ஜப்பானின் ஆரிகான் வாராந்திர ஆல்பம் தரவரிசையில் முதலிடம் பிடித்த ஆல்பங்களின் பட்டியல்தான் பொருள். தொகுத்தவர் ஒருவர், மதிப்பாய்வு செய்தவர்கள் மூவர். அந்த மூவரில் நானும் ஒருவன். பெயர்களையும் பயனர் அடையாளங்களையும் விட்டுவிட்டேன். இதில் நான் செய்த தவறும் உண்டு, அதையும் அதற்குரிய இடத்தில் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

ஆரிகான் நிறுவனத்தைத் தொடங்கியவர் கொய்கே சோகோ. 1967இல் தொடங்கிய அந்த முயற்சி 1968இல் தனிப்பாடல் தரவரிசையாகவும் 1970இல் எல்பி இசைத்தட்டுத் தரவரிசையாகவும் வளர்ந்தது. எல்பி, கேசட், சிடி மூன்றையும் ஒரே ஆல்பம் பட்டியலாகச் சேர்த்தது 1987 அக்டோபரில். கடைகளிலிருந்து விற்பனைக் கணக்கைத் திரட்டி வாரா வாரம் வெளியிடுவார்கள். ஜப்பானில் ஒரு ஆல்பம் ‘முதலிடம்’ என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் இந்தத் தரவரிசையைத்தான் சொல்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒரு பட்டியல் என்ற முறையில் கலைக்களஞ்சியத்தில் இந்த முதலிடங்களைத் தொகுத்து வருகிறார்கள். நாங்கள் பார்த்த 2001 பட்டியலைத் தொகுத்தவர் அதில் மூன்று மாதம் செலவிட்டிருந்தார். அடுத்து, கலைக்களஞ்சியம் தன் சிறந்த பட்டியல்களுக்குத் தரும் ‘சிறப்புப் பட்டியல்’ தகுதிக்கு முன்மொழிய வேண்டும், அதற்குள் குறைகளைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். சக மதிப்பாய்வில் தேர்ச்சி, தோல்வி என்று எதுவும் கிடையாது. கேட்டவருக்கு நாலு பேர் கண் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு பேரும் எதைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

2001ஐ அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு மார்ச் 28 அன்று பாடகர் உடாடா ஹிகாருவின் ‘டிஸ்டன்ஸ்’ ஆல்பமும் பாடகி ஹமசாகி அயுமியின் ‘ஏ பெஸ்ட்’ தொகுப்பும் ஒரே நாளில் கடைக்கு வந்தன. ஒன்று தோஷிபா ஈஎம்ஐ வெளியீடு, மற்றது ஏவெக்ஸ் வெளியீடு. முதல் வாரத்தில் ‘டிஸ்டன்ஸ்’ 30 லட்சத்தைச் சற்றே தாண்டியது. ‘ஏ பெஸ்ட்’ சுமார் 28.7 லட்சம். ஜப்பானில் ஒரு ஆல்பம் முதல் வாரத்தில் விற்றதில் ‘டிஸ்டன்ஸ்’ எட்டியதுதான் உச்சம். இப்படி ஒரு வாரம் உள்ள ஆண்டை யாரும் விட மாட்டார்கள்.

முதல் வாசிப்பு

முதல் பார்வைக்குப் பட்டியல் அழகாகவே இருந்தது. நான்கு நெடுவரிசைகள்: தேதி, ஆல்பம், கலைஞர், விற்பனை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மேற்கோள். பக்கத்தில் இரண்டு ஆல்பம் உறைப் படங்கள். அந்த ஆண்டில் அதிகம் விற்ற ஆல்பத்தின் வரிசைக்கு மஞ்சள் பின்னணி.

நான் உட்கார்ந்து குறிப்பெழுதத் தொடங்கினேன். அறிமுகப் பத்தி ‘இது ஒரு பட்டியல்’ என்று தொடங்குவது சரியில்லை. ஆரிகான் என்றால் என்ன என்று எங்குமே சொல்லவில்லை. ஆல்பம் உறைகள் காப்புரிமை உள்ளவை, பட்டியலை அலங்கரிக்க அவற்றைப் பயன்படுத்தக் கூடாது, கட்டற்ற உரிமத்தில் உள்ள கலைஞர் படம் போதும். ரோமன் எழுத்தில் எழுதிய ஜப்பானியப் பெயர்களில் நெடில் குறி (ō போல) சில இடத்தில் இருக்கிறது, சில இடத்தில் இல்லை. கலைஞர் பெயரை அழுத்தி வரிசைப்படுத்தினால் சிலர் குடும்பப் பெயர்ப்படியும் சிலர் சொந்தப் பெயர்ப்படியும் நிற்கிறார்கள். மேற்கோள் இணைப்புகளில் சில திறக்கவில்லை. இப்படியே முப்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை எண்ணிட்டு எழுதி அனுப்பினேன்.

அதில் பதினேழாவது குறிப்பு இது: ‘தேதி நெடுவரிசையில் உள்ளது எந்தத் தேதி? விளக்கவும்.’

முப்பதில் ஒன்றாக, நெடில் குறிக்கும் காற்புள்ளிக்கும் நடுவில், அதை எழுதியிருந்தேன். அப்போது அது எனக்கும் சின்ன சந்தேகம்தான்.

தொகுத்தவர் மறுநாளே வேலையை ஆரம்பித்தார். உறைப் படங்கள் போயின. அறிமுகப் பத்தி மாறியது. நெடில் குறிகள் ஒழுங்காயின. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே ‘முடிந்தது’ என்று எழுதிக்கொண்டே போனார். பதினேழாவதற்குக் கீழே ‘தரவரிசைத் தேதி’ என்று மட்டும் எழுதினார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் இப்படியே போனது.

ஏப்ரல் 3 என்ற வரிசை

இரண்டாவது மதிப்பாய்வாளர் ஜப்பானிய மொழி தெரிந்தவர். என் குறிப்புகளை அவர் தொடவில்லை. அட்டவணையைத் திறந்தார், பக்கத்தில் 2001 நாட்காட்டியை வைத்துக்கொண்டார், தேதிகள் என்ன கிழமையில் வருகின்றன என்று பார்த்தார். அவர் எழுதியது ஒரே ஒரு கேள்வி: ‘பெரும்பாலான தேதிகள் திங்கள். சில தேதிகள் மட்டும் ஏன் செவ்வாய்?’

அதைப் படித்ததும் நான் திரும்பவும் அட்டவணைக்குப் போனேன். அவர் சுட்டிய வரிசைகளில் ஒன்று ஏப்ரல் 3. ஆல்பம்: ‘டிஸ்டன்ஸ்’. அதற்கு அடுத்த வரிசை ஏப்ரல் 9. ஆல்பம்: மீண்டும் ‘டிஸ்டன்ஸ்’. பார்க்கிறவர்களுக்கு அது இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்ததாகத்தான் தெரியும்.

இங்கே ஆரிகானின் வாரம் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். விற்பனையைத் திங்கள் முதல் ஞாயிறு வரை கணக்கிடுகிறார்கள். முடிவு அடுத்த செவ்வாயன்று வெளியாகிறது. ஆனால் அந்தத் தரவரிசைக்குத் தரும் அதிகாரபூர்வ தேதி, வெளியான நாள் அல்ல. அதற்கும் அடுத்து வரும் திங்கட்கிழமை. ஜப்பானில் ஆல்பங்கள் வழக்கமாகப் புதன்கிழமை வெளியாகும். மார்ச் 28 புதன். அது விழும் விற்பனை வாரம் மார்ச் 26 முதல் ஏப்ரல் 1 வரை. முடிவு வெளியானது ஏப்ரல் 3, செவ்வாய். தரவரிசையின் தேதி ஏப்ரல் 9, திங்கள்.

அப்படியானால் ஏப்ரல் 3 வரிசையும் ஏப்ரல் 9 வரிசையும் ஒரே தரவரிசை. ஒரு வாரத்தை இரண்டு முறை எண்ணியிருக்கிறது பட்டியல்.

அட்டவணையில் ஏப்ரல் 2 என்ற வரிசையே இல்லை. அதன் இடத்தில்தான் ஏப்ரல் 3 உட்கார்ந்திருந்தது. ஏப்ரல் 2 தேதியிட்ட தரவரிசை மார்ச் 19 முதல் 25 வரையிலான விற்பனையைச் சொல்வது. மார்ச் 28 அன்று வெளியான ஆல்பம் மார்ச் 25உடன் முடிந்த வாரத்தில் முதலிடம் பிடிக்க முடியாது. அந்த வாரம் உண்மையில் முதலிடத்தில் இருந்த ஆல்பம் பட்டியலிலிருந்தே காணாமல் போயிருந்தது. ஒரு வரிசை கூடி இன்னொன்று குறைந்ததால் மொத்த எண்ணிக்கை மாறவில்லை. அதனால்தான் எண்ணிப் பார்த்த எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

தொகுத்தவரின் முதல் பதில் நியாயமான ஒரு எதிர்வாதம். ஜப்பானியக் கடைகளில் வெளியீட்டு நாளுக்கு முன்தினமே சரக்கு வந்துவிடும், அன்றே விற்கவும் செய்வார்கள், ரசிகர்கள் அதற்கு ‘ஃபுராகே’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். முன்கூட்டிய விற்பனையால் முந்தைய வாரத்திலேயே ஏறியிருக்கலாமே என்று கேட்டார். இரண்டாமவர் பொறுமையாகப் பதில் எழுதினார்: முன்தினம் என்றால் மார்ச் 27, செவ்வாய். அதுவும் அதே திங்கள்–ஞாயிறு வாரத்துக்குள்தான் வருகிறது. முந்தைய வாரத்தைத் தொட வேண்டுமானால் மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமையே விற்றிருக்க வேண்டும்.

அதோடு அந்த வாதம் முடிந்தது. தொகுத்தவர் எப்படி நடந்தது என்று தேடிப் பார்த்துச் சொன்னார். பெரும்பாலான வரிசைகளைத் தரவுத்தளம் ஒன்றிலிருந்து எடுத்திருக்கிறார், அங்கே திங்கள் தேதி. மீதியை அந்தக் காலச் செய்திகளிலிருந்து எடுத்திருக்கிறார், அங்கே செய்தி வந்த செவ்வாய் தேதி. இரண்டும் ‘தரவரிசைத் தேதி’ என்றே அவருக்குத் தோன்றியிருக்கிறது. மேற்கோள்கள் எல்லாமே சரியானவை. ஒவ்வொரு வரிசையையும் தனியாக எடுத்துச் சோதித்தால் பிழை தெரியாது. இரண்டு வரிசைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மற்ற வேலை எல்லாவற்றையும் நிறுத்துவது. தொகுத்தவருக்கு அது கஷ்டமாக இருந்தது. முன்மொழிவுக்கு நாள் குறித்துவிட்டிருந்தார், அறிமுகப் பத்தியை மூன்று முறை திருத்தியிருந்தார். ‘இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே’ என்று எழுதினார். அவர் கேட்டது சரிதான். நான் சொல்லியிருந்தேன், ஆனால் பதினேழாவதாக. அப்படிச் சொன்னால் சொல்லாததற்குச் சமம். அதை ஒப்புக்கொண்டு, பட்டியலைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன்.

இரண்டாவது, எந்தத் தேதியை வைப்பது என்பது. மூன்றாவது மதிப்பாய்வாளர் செவ்வாயை வைக்கலாம் என்றார். வாசகர் செய்தித் துணுக்குகளைத் தேடினால் அந்தத் தேதிதான் கிடைக்கும் என்பது அவர் காரணம். அதிலும் உண்மை உண்டு. ஆனால் ஆரிகான் தன் தரவரிசையை அடையாளப்படுத்துவது திங்கள் தேதியால். மற்ற ஆண்டுப் பட்டியல்களும் அதைப் பின்பற்றுவதாகவே சொல்லிக்கொள்கின்றன. எனவே திங்களை வைத்துக்கொண்டு, நெடுவரிசைத் தலைப்பில் ஒரு குறிப்புச் சேர்த்தோம்: இந்தத் தேதி தரவரிசை இதழின் தேதி, விற்பனை வாரம் அதற்கு எட்டு நாள் முன்பே ஞாயிறன்று முடிந்துவிடுகிறது. ஏப்ரல் 9 வரிசையையே அந்தக் குறிப்பில் எடுத்துக்காட்டாகக் கொடுத்தோம். இந்த ஒற்றைக் குறிப்பை எழுதவே இரண்டு நாள் ஆனது. முதல் வடிவத்தில் ‘முந்தைய வாரம்’ என்று எழுதியிருந்தோம். அது எதற்கு முந்தைய வாரம் என்று மறுபடியும் குழப்பம் வந்தது.

மூன்றாவது, தேதி நெடுவரிசையைத் திருத்துவதற்குப் பதில் புதிதாகக் கட்டுவது. தொகுத்தவர் ஒரு தாளிலும் இரண்டாமவர் இன்னொரு தாளிலும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிரப்பினார்கள். பிறகு ஒப்பிட்டார்கள். திருத்தினால் பழைய பிழையின் மேலேயே கண் ஓடிவிடும் என்று இரண்டாமவர் சொன்னார், எனக்கும் அது சரியாகப் பட்டது. 2001இன் முதல் நாளும் கடைசி நாளும் திங்கள் என்பதால் அந்த ஆண்டில் 53 திங்கட்கிழமைகள். ஆனால் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி இரண்டு வாரங்களைச் சேர்த்து ஒரே தரவரிசையாக வெளியிடும் வழக்கம் ஆரிகானில் இருந்திருக்கிறது. ஆகவே வரிசைகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் பட்டியல் முழுமையானதா என்று முடிவுகட்ட வேண்டாம், ஒவ்வொரு திங்களுக்கும் தனித்தனியாக ஆதாரம் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

இந்தச் சுற்றில் இன்னொன்றும் அகப்பட்டது. ஜூலை 11 அன்று மிஸ்டர் சில்ட்ரன் குழு இரண்டு தொகுப்பு ஆல்பங்களை ஒரே நாளில் வெளியிட்டது. இரண்டின் தலைப்பும் குழுவின் பெயர்தான், கூட வரும் ஆண்டுகள் மட்டும் வேறு: 1992–1995, 1996–2000. பழைய வடிவத்தில் ஒன்றின் மேற்கோள் மற்றதன் வரிசையில் ஒட்டியிருந்தது. ஜப்பானிய ரசிகர்கள் முதலாவதை ‘இறைச்சி’ என்றும் இரண்டாவதை ‘எலும்பு’ என்றும் அழைப்பார்கள் என்று இரண்டாமவர் சொன்னார். அந்தப் பட்டப்பெயர்களை வைத்துக்கொண்டே பேச்சுப் பக்கத்தில் சரிபார்த்தோம், எண்களை வைத்துப் பேசியபோது வந்த குழப்பம் அதன் பிறகு வரவில்லை. பட்டியலில் முழுத் தலைப்புதான் இருக்கிறது.

விற்பனை நெடுவரிசை

தேதி சரியானதும் அடுத்த ஓட்டை கண்ணில் பட்டது. ‘டிஸ்டன்ஸ்’ வரிசையில் 30 லட்சம் என்றிருந்தது, அது அந்த வாரத்தின் விற்பனை. ‘ஏ பெஸ்ட்’ பிறகு முதலிடத்துக்கு வந்த வரிசையிலோ 40 லட்சத்துக்கு மேல் ஒரு எண். ஒரே வாரத்தில் 40 லட்சமா? இல்லை. அது மொத்த விற்பனை. இரண்டு ஆல்பங்களுமே கடைசியில் 40 லட்சத்தைத் தாண்டியவைதான். ஆனால் வாரக் கணக்கும் மொத்தக் கணக்கும் ஒரே நெடுவரிசையில் நின்றால், அந்த வாரத்தின் போட்டியே தலைகீழாகத் தெரியும்.

வேறு சில வரிசைகளில் ஜப்பான் ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் சான்றிதழ் எண்கள் இருந்தன. அந்தச் சங்கம் சான்றளிப்பது கடைகளுக்கு அனுப்பிய பிரதிகளை வைத்து. ஆரிகான் எண்ணுவது கடையில் விற்ற பிரதிகளை. கிடங்கிலும் அலமாரியிலும் கிடக்கும் பிரதி முதல் கணக்கில் இருக்கும், இரண்டாவதில் இருக்காது. முதலிடம் விற்பனையால் தீர்மானிக்கப்படுகிறது என்று தலைப்பிலேயே சொல்லும் பட்டியலில் சான்றிதழ் எண்ணுக்கு இடமில்லை. அவற்றை எடுத்துவிட்டோம். வார விற்பனை கிடைக்காத வரிசைகளில் கோடு போட்டோம். தொகுத்தவர் வெற்றுக் கட்டங்களைப் பார்த்து வருந்தினார். எனக்கு அந்தக் கோடுகள் பிடித்திருந்தன. தெரியாததைத் தெரியாது என்று ஒரு பட்டியல் சொல்ல வேறு வழி இல்லை.

இன்னொரு முடிவு அறிமுகப் பத்தி பற்றியது. முதலிடப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு இடமில்லை. ஆனால் 28.7 லட்சம் விற்றும் இரண்டாவதாக நின்ற ஆல்பத்தைச் சொல்லாமல் 2001ஐச் சொல்ல முடியாது. ‘விதிப்படி முதலிடம் மட்டும்தான்’ என்றார் மூன்றாமவர். நான் விடவில்லை. அட்டவணை விதிப்படி இருக்கட்டும், பத்தி வாசகருக்கானது என்று வாதாடினேன். கடைசியில் இரண்டு வாக்கியம் சேர்ந்தது.

திரைவாசிப்பான் வழியாக

மூன்றாமவர் பட்டியலைத் திரைவாசிப்பான் மென்பொருளில் ஓடவிட்டுக் கேட்டார். மஞ்சள் நிறம் அதில் ஒலிக்கவில்லை. ஆண்டின் அதிகம் விற்ற ஆல்பம் எது என்பது கண் தெரியாதவருக்குக் கிடைக்கவே இல்லை. ஒரு ஆல்பம் நான்கு வாரம் நின்றால் நான்கு கட்டங்களை ஒன்றாக இணைத்திருந்தார்கள். இரண்டாவது வாரத்துக்கு வந்ததும் மென்பொருள் தேதியை மட்டும் படித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது. நிறத்தோடு ஒரு குறியீடு சேர்த்தோம், இணைத்த கட்டங்களைப் பிரித்தோம், ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்புக் கட்டம் வைத்தோம். ஒரு மாலை வேலை.

பின்னர் நடந்தது

மதிப்பாய்வு முடித்து, தொகுத்தவர் முன்பு குறித்த நாளைவிட ஏழு வாரம் கழித்துச் சிறப்புப் பட்டியல் தகுதிக்கு முன்மொழிந்தார். அங்கே வந்த கருத்துகள் பெரும்பாலும் நடை பற்றியவை. ஒருவர் மட்டும் ‘தேதி நெடுவரிசைக் குறிப்பு ஏன் இவ்வளவு நீளம்?’ என்று கேட்டார். தொகுத்தவர் ஏப்ரல் 3 கதையைச் சுருக்கமாக எழுதினார். கேட்டவர் தன் ஆட்சேபத்தை விலக்கிக்கொண்டு, அந்தக் குறிப்பை அப்படியே வைக்கச் சொன்னார். பட்டியல் தகுதி பெற்றது.

அப்புறம் தொகுத்தவரே பக்கத்து ஆண்டுப் பட்டியல்களில் கிழமை பார்க்க ஆரம்பித்தார். அவர் தொகுக்காத ஒரு ஆண்டிலும் செவ்வாய்கள் கிடைத்தன. அதைத் தொகுத்தவருக்கு அவர் எழுதிய முதல் செய்தியில் வேறு எந்தக் குறையும் இல்லை. ஒரே ஒரு வரிசையும் ஒரு நாட்காட்டியும் மட்டும்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

நான் மாற்றியது என் குறிப்புகளின் வரிசையை. இப்போது ஒரு பட்டியலைப் பார்க்க எடுத்தால் முதல் செய்தியில் நெடுவரிசைத் தலைப்புகளை மட்டும் கேட்கிறேன்: இந்தத் தேதி எந்தத் தேதி, இந்த எண் யார் எண்ணியது, எந்தக் காலத்துக்கு. அதற்குப் பதில் வரும் வரை நெடில் குறி பற்றியோ காற்புள்ளி பற்றியோ ஒரு வார்த்தை எழுதுவதில்லை. சிறிய குறிப்புகளைத் தனித் தாளில் சேர்த்து வைக்கிறேன். அடிப்படை மாறினால் அவற்றில் பாதி தேவைப்படாமலே போகிறது. 2001 பட்டியலில் நான் கொடுத்த முப்பதில் ஒன்பது, மறுகட்டமைப்புக்குப் பின் அர்த்தமில்லாமல் போனவை. தொகுத்தவர் அந்த ஒன்பதையும் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்.

‘தரவரிசைத் தேதி’ போன்ற பதில் வந்தால் இப்போது விடுவதில்லை. ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு, வெளியீட்டு நாளிலிருந்து தொடங்கி அந்தத் தேதி வரை நாள் நாளாக எழுதிக் காட்டச் சொல்கிறேன். ஐந்து வரி எழுதினால் போதும்.

தொகுப்பவர்கள் இரண்டு வகை ஆதாரத்தைக் கலக்கும்போது, எந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று தனக்காகவாவது ஒரு நெடுவரிசை வைத்துக்கொண்டால் நல்லது. வெளியிடும்போது அதை எடுத்துவிடலாம். இவரிடம் அது இருந்திருந்தால் செவ்வாய்கள் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். எங்களுக்கு அதைக் கண்டுபிடிக்கவே நான்கு நாள் ஆனது.

திறக்காத இணைப்புகள் பற்றிய வேலை இன்னும் பாக்கி. சேமித்து வைத்த பிரதி கிடைத்தவற்றை மாற்றியாயிற்று. மற்றவற்றுக்கு அச்சு இதழைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாமவர் நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் இரண்டு மூன்று வரிசைகளைச் சரிபார்த்து வருகிறார். சென்ற முறை அவர் பார்த்துவிட்டு வந்தது ஏப்ரல் 2 தேதியிட்ட தரவரிசை.